கொட்டகைப் பள்ளியை மறந்தோமா?

கணியன் பூங்குன்றனாரைப் போற்றாத தமிழ் விழா இந்நாட்டில் இல்லை. மாணவர் பேச்சுப் போட்டிகளில் அவர் வாக்கு முழங்குகிறது. பள்ளி மண்டபங்களின் சுவர்களை அது அணி செய்கிறது. விழா முடிந்து நாம் வீடு திரும்பும் வழியில், ஏதோ ஒரு கடைவீட்டு மாடியில், வேற்று நாட்டுப் பிள்ளைகள் தரையில் அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மாடிப்படியில் ஏறிப் பார்த்த தமிழாசிரியர்கள் நம்முள் எத்தனை பேர்?

அப்பிள்ளைகள் யார்? 2024ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையத்தில் பதிவு பெற்று மலேசியாவில் வாழ்ந்தோர் 180,000க்கும் மேற்பட்டோர். நால்வரில் ஒருவருக்கு மேல் பதினெட்டு வயதை எட்டாதவர்கள். பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்த ரொஹிங்யா, சின் முதலிய மக்கள். இலங்கைத் தமிழரும் அவர்களுள் உண்டு. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டமோ, உயிருக்கு அஞ்சி ஓடி வந்தவனையும் ஆவணமின்றி நுழைந்தவனையும் வேறுபடுத்திக் காண்பதில்லை. குழந்தைகளின் உரிமை உடன்படிக்கையை இந்நாடு 1995இல் ஏற்றபோதும், கட்டாய இலவசத் தொடக்கக் கல்வி பற்றிய பிரிவை விலக்கி வைத்தே ஏற்றது. 2003 முதல் நடப்பிலுள்ள கட்டாயத் தொடக்கக் கல்வியும் குடிமக்களின் பிள்ளைகளுக்கே உரியது. ஆகவேதான் கடைவீட்டு மாடிகளிலும் தேவாலயக் கூடங்களிலும் நூற்றுக்கு மேற்பட்ட கற்றல் மையங்கள் நடக்கின்றன. அவை பள்ளிகளாக அங்கீகரிக்கப்பட்டவை அல்ல. அங்கே கற்பிப்போரில் பலர் தாமும் அகதிகளே. முறையான ஆசிரியர் பயிற்சி பெறாதவர்களே.

இக்காட்சி நமக்குப் புதியதா? தோட்டப்புறத்து வரலாற்றை எண்ணிப் பாருங்கள். ஒரே இனத்துப் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் சொன்ன பள்ளி, பல தோட்டங்களில் ஆயாக்கொட்டகையின் ஓரமாகவோ லயத்தின் கோடி அறையாகவோ இருந்தது. எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியரானார். சில வகுப்புகளோடு படிப்பு நின்றது. அதற்குமேல் பிள்ளைக்குக் காத்திருந்தது பால்வாளிதான். பெற்றோர் கூலிக்கு வந்த குடியேறிகள். ஆதலால் பிள்ளைகளும் என்றாவது ஊர் திரும்பிவிடுவார்கள், அவர்களுக்கு இவ்வளவு கல்வி போதும் என்று ஆட்சியாளர் கருதினர். இன்று அகதிப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லப்படும் வாதம் எழுத்துப் பிசகாமல் இதுவேயன்றோ?

‘நம் சங்கங்கள் ஒன்றும் செய்யாமல் இல்லையே’ என்பர். உண்மைதான். பெருநாள் வந்தால் அரிசிப் பொட்டலம் வழங்குகிறோம். விடுமுறை வந்தால் ஒருநாள் தன்முனைப்பு முகாம் நடத்துகிறோம். பதாகையின் முன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறோம். பசித்தவனுக்கு அரிசி தருவதை யாரும் பழிக்கமாட்டார்கள். ஆனால் அடுத்த திங்கட்கிழமை அந்த மாடியில் கணிதம் கற்பிக்கப் போவது யார்? ஆண்டுக்கு ஒருமுறை வந்து ‘முயன்றால் முடியும்’ என்று முழங்குகிறோம். முயல்வதற்குரிய வழியைத் திறக்க ஒரு விரலையும் அசைப்பதில்லை. பதினான்கு, பதினைந்து வயதில் பையன்கள் படிப்பை விட்டுக் கட்டுமானத் தளங்களுக்கும் உணவகங்களுக்கும் போகிறார்கள்; பெண்பிள்ளைகள் சிலர் இளவயதிலேயே மணமுடித்து வைக்கப்படுகிறார்கள். பொட்டலமும் பதாகையும் அவர்களுள் ஒருவரையேனும் தடுத்து நிறுத்தியதுண்டா?

சீனச் சமூகத்தில் வேரூன்றிய சூச்சி பௌத்த அறநிலையம், அகதிகள் ஆணையத்தோடு கைகோத்து ரொஹிங்யா பிள்ளைகளுக்குக் கல்வி மையங்கள் நடத்தி வந்திருக்கிறது. மதம் வேறு, மொழி வேறு, இனம் வேறு. அவர்களுக்குத் தடையாக இல்லாதவை நமக்கு மட்டும் தடையாவது ஏன்?

‘நம் பிள்ளைகளே வறுமையில் வாடும்போது அயலாருக்கு என்ன?’ என்பது அடுத்த கேள்வி. இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இன்றித் தவிக்கும் இந்தியப் பிள்ளைகள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பள்ளி வாசலில் நாம் என்ன சொல்லி வாதாடுகிறோம்? ‘காகிதம் இல்லாதது பிள்ளையின் குற்றமன்று’ என்கிறோம். இந்த வாதம் உண்மையானால் ரொஹிங்யா பிள்ளைக்கும் அது உண்மை. நம் இனத்துக்கு மட்டும் பொருந்தும் நியாயம் நியாயமாகாது. அது சலுகைக் கோரிக்கை. மேலும், இலங்கையிலிருந்து அகதியாக வந்தவரின் பிள்ளை நம் மொழியையே பேசுகிறது. இந்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மாணவர் குறைவால் மூடப்படுமோ என்று அஞ்சும் பள்ளிகளும் அவற்றுள் உண்டு. எனினும் தமிழ் பேசும் அந்தப் பிள்ளைக்கு அவற்றில் உரிமையோடு அமர ஓர் இடமில்லை. இதைக் குறித்து நம் மாநாடுகளில் ஒரு தீர்மானமேனும் நிறைவேற்ற வேண்டாமா?

செய்ய வேண்டியது பெருஞ்செயலன்று. ஒவ்வொரு சங்கமும் தன் வட்டாரத்துக் கற்றல் மையம் ஒன்றைத் தேர்ந்து, மூன்றாண்டுக்கேனும் அதைக் கைவிடாதிருக்கட்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வாரம் இரண்டு மாலைகளை அளிக்கட்டும். மையத்தில் கற்பிக்கும் அகதி இளைஞருக்குப் பாடத்திட்டம் வகுக்கவும், பல வயதினரை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கவும் பயிற்சி தரட்டும். கூட்டு வகுப்பு நடத்திப் பழகிய நம் சிறிய பள்ளி ஆசிரியர்களைவிட இக்கலை அறிந்தவர் யார்? மலாய்மொழியை முதலிடத்தில் வைத்துக் கற்பிக்க வேண்டும். சந்தையிலும் மருத்துவமனையிலும் அது இன்றி ஒரு நாளும் நகராது. உயர்நிலை வயதினருக்கு, தனியார் வழியாக எழுதும் அனைத்துலகத் தேர்வுகளின் கட்டணத்தைச் சங்கம் ஏற்கட்டும். சான்றிதழ் இல்லாக் கல்வி பாதி வழியில் நின்ற பாலம். தமிழ் கற்கும் பல்கலைக்கழக மாணவர்களே, உங்கள் கழகத்தின் ஆண்டு விழாச் செலவில் பாதி போதும், ஒரு மையத்தின் பாடநூல் தேவை பெரும்பாலும் தீரும்.

இவை யாவும் அரசின் கடமைக்கு மாற்றாகா. பள்ளிக் கதவைத் திறக்கும் அதிகாரம் அரசிடமே உள்ளது. அதைத் திறக்கும்படி கேட்பதையும் நாம் நிறுத்தலாகாது. ஆயினும் கதவு திறக்கும்வரை பிள்ளையின் வயது காத்திருப்பதில்லை. எட்டு வயதில் கிடைக்காத எழுத்தைப் பதினெட்டு வயதில் கொடுத்து ஈடுசெய்ய எந்த அரசாலும் இயலாது.

கொட்டகைப் பள்ளியில் படித்த தலைமுறையின் பிள்ளைகளும் பேரர்களுமே இன்று ஆசிரியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் மருத்துவர்களாகவும் நிமிர்ந்து நிற்கிறோம். அன்று அரைகுறையாக எழுத்தறிந்த யாரோ ஒருவர், மாலையில் கைவிளக்கை ஏற்றி நம் பாட்டனுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தார். அவருக்கு நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. அதைத் தீர்க்கும் இடம் விழா மேடையன்று; அந்தக் கடைவீட்டு மாடி.