கற்பிக்க வந்து கற்றவர்

சாலை என்னும் சொல் இக்காலத்தில் பாதையையே குறிக்கின்றது. முற்காலத்திலோ அது மாணாக்கர் தங்கி, உண்டு, ஓதும் இடத்துக்கும் பெயராக வழங்கிற்று. முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் கூறும் காந்தளூர்ச்சாலை, திருவனந்தபுரத்தில் நாம் வாழும் இவ்வலியசாலைப் பகுதியே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. கல்வியின் பெயரைத் தாங்கிய இடத்தில் குடியிருக்கும் நாம், கற்பதற்கென்றே நாளின் பெரும்பொழுதை ஒதுக்கி வாழ்ந்த ஒருவரை இம்மாதம் எண்ணிப் பார்ப்போமாக. அவரும் நம்மைப் போலவே பிறந்த மண்ணை விட்டு வந்தவர்தாம்.

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், சோழமண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடியில் ஒரு டேனிஷ் கப்பலிலிருந்து ஜெர்மானிய இளைஞர் இருவர் வந்திறங்கினர். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் புளூட்சோ. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக் அவர்களைக் கிறிஸ்தவ சமயம் பரப்ப அனுப்பியிருந்தார். கடற்பயணம் ஏழு மாதங்களுக்கு மேல் நீண்டது. வந்து சேர்ந்த ஊரோ, ஒருபுறம் கடலும் மறுபுறம் தஞ்சை அரசின் சிற்றூர்களும் சூழ்ந்த சிறிய துறைமுகம். அங்கே கோட்டை கட்டி வாணிகம் நடத்திய டேனிஷ் கம்பெனி அதிகாரிகளும் அவர்களை மகிழ்ந்து வரவேற்கவில்லை.

ஊராரின் மொழி தெரியாமல் ஊராரோடு வாழ இயலாது என்பதை இருவரும் விரைவில் உணர்ந்தனர். திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை வேண்டி, அவருடைய பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடத்தச் செய்தனர். சிறுவர்களோடு சிறுவராகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் முதலாக எழுதிப் பழகினர். போர்த்துக்கீசிய மொழியறிந்த அழகப்பன் என்பவர் அவர்களுக்குப் பொருள் விளக்கித் துணைபுரிந்தார்.

சீகன்பால்கு தம் நாட்களை வகுத்துக்கொண்ட முறை அவர் எழுதிய கடிதங்களால் தெரியவருகின்றது. காலை வழிபாட்டுக்குப் பின் 6 முதல் 7 மணி வரை சமயப் பாடம் நடத்துவார். 7 முதல் 8 வரை தாம் கற்ற தமிழ்ச் சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். 8 முதல் நண்பகல் 12 வரை முன்பு படித்திராத தமிழ் நூல்களையே படிப்பார். அருகில் முதிய புலவர் ஒருவர் அமர்ந்து செய்யுளைப் பேச்சு வழக்கில் விளக்க, எழுத்தர் ஒருவர் புதிய சொற்களை உடனுக்குடன் குறித்து வைப்பார். உண்ணும்போதும் ஒருவர் படிக்கக் கேட்பார். பிற்பகல் 3 முதல் 5 வரை மீண்டும் தமிழ் நூல்கள். இரவு 7 முதல் 8 வரை, கண் களைப்படையாதிருக்க, பிறர் படிக்கச் செய்து கேட்பார். கற்பிக்க வந்தவரின் பொழுதில் பெரும்பகுதி கற்பதிலேயே கழிந்தது என்பதை நேயர்கள் கருதுக.

அவர் ஓலைச்சுவடிகளைத் தேடித் திரட்டி, நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றி 1708இல் குறிப்புப் பட்டியல் எழுதினார். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய நூலை ஜெர்மனியிலிருந்த சமயத் தலைவர்கள் அச்சிட விரும்பவில்லை. பொய்ச் சமயத்தை அகற்ற அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவில் பரப்பலாகாது என்பது அவர்கள் எண்ணம். அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. சீகன்பால்குவும் நம் முன்னோரின் சமயத்தைப் பிழையென்றே கருதியவர். அதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், மறுக்க விரும்பியதையும் முழுதும் கற்றறிய வேண்டும் என்ற நேர்மை அவரிடம் இருந்தது.

வாழ்க்கை எளிதாயிருக்கவில்லை. கம்பெனித் தலைவருடன் நேர்ந்த பிணக்கால் 1708ஆம் ஆண்டின் இறுதியில் சிறைப்பட்டு, ஏறத்தாழ நான்கு மாதங்கள் உள்ளேயிருந்தார். எனினும் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியிலேயே தமிழில் அச்சாகி நிறைவுற்றது. 1719 பிப்ரவரி 23இல், முப்பத்தாறே வயதில், அவ்வூரிலேயே மறைந்தார்.

அவர் தொடங்கிய வழக்கம் அவரோடு முடியவில்லை. நூறாண்டுக்குப் பின் தென் திருவிதாங்கூருக்கு வந்த ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியரும் முதலில் தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் கற்றார். பின்பே 1806இல் இப்பக்கம் வந்து, மயிலாடியை நடுவாகக் கொண்டு பணியாற்றினார்.

இனி நம் இல்லங்களை நோக்குவோம். தமிழை இனிமையாகப் பேசும் நம் பிள்ளைகளுள் பலர், ஊரிலிருந்து பாட்டி எழுதிய கடிதத்தைப் படிக்க இயலாமல் தந்தையிடம் நீட்டுகின்றனர். மறுபுறம், இந்நகரில் நாற்பதாண்டு வாழ்ந்தும் பேருந்தின் மலையாளப் பலகையைப் பிறரிடம் கேட்டறியும் பெரியோரும் நம்மிடையே உண்டு. முன்னது தாய்வீட்டுக் கதவை அடைப்பது. பின்னது அண்டைவீட்டுக் கதவை அடைப்பது. இரண்டும் நமக்கு இழப்பே.

நாள் முழுதையும் ஒதுக்குமாறு நாம் வேண்டவில்லை. மாலை 7 முதல் 8 வரை ஒரு மணி நேரம் போதும். முதல் அரைமணியில் பெரியோர் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் காட்டுக. அடுத்த அரைமணியில் பிள்ளைகள் பெரியோருக்கு மலையாள எழுத்தைக் காட்டுக. பேரனிடம் பாடம் கேட்பதில் தாத்தாவுக்கு இழுக்கு ஏதுமில்லை.