டி.ஓ. படிக்கிற பிள்ளைங்களும் அந்த ரெண்டாவது பரீட்சையும்

டல்லாஸ்ல இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணன் போன வாரம் போன் பண்ணினார். மகள் அங்கே ஆஸ்டியோபதிக் மெடிக்கல் காலேஜில் இரண்டாம் வருஷம். "பாப்பா கார்டியாலஜி பண்ணணும்ங்கிறா. காம்லெக்ஸ் மட்டும் போதுமா, யூ.எஸ்.எம்.எல்.இ.யும் எழுதணுமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்கடா."

நான் அங்கே வேலை பார்த்தவன் இல்லை. ஆனா என் பேட்ச்மேட்ஸ் சிலர் அங்கே ரெசிடென்சி, ஃபெலோஷிப்னு இருக்காங்க. அவங்ககிட்ட கேட்டதையும், தேர்வு விதிகளைப் படிச்சதையும் வச்சு எழுதறேன். அமெரிக்காவில் சொந்தக்காரங்க இருக்கிற பல வீடுகள்ல இந்தக் கேள்வி ஓடிட்டிருக்கு.

முதல்ல ஒரு குழப்பம். டி.ஓ.ன்னா ஹோமியோபதி இல்லை. (என்கிட்ட கேட்டவங்கள்ல பாதி பேர் அப்படித்தான் நினைச்சாங்க.) பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆஸ்டியோபாத்னா கையால் மூட்டு, தசைக்கு சிகிச்சை தர்றவர், டாக்டர் இல்லை. அமெரிக்காவில் கதை வேற. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற டாக்டர் 1892-ல் மிசௌரி மாநிலம் கிர்க்ஸ்வில்லில் தொடங்கிய கல்லூரியிலிருந்து வளர்ந்த மரபு அது. இன்னைக்கு அங்கே டி.ஓ. படிச்சவர் மருந்து எழுதலாம், ஆபரேஷன் பண்ணலாம், 50 மாநிலத்திலும் எம்.டி.க்கு இருக்கிற அதே உரிமை. கூடுதலா கையால் செய்யும் சிகிச்சையும் படிச்சிருப்பாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

மதிப்பில் மட்டும் ஒரு படி கீழேன்னு நினைக்கிற பழக்கம் இன்னும் போகலை. 1962-ல் கலிபோர்னியாவில் 65 டாலர் கட்டினா டி.ஓ. பட்டத்தை எம்.டி.யா மாத்திக் கொடுத்தாங்க. புது டி.ஓ.க்களுக்கு லைசென்ஸ் தர்றதையே நிறுத்திட்டாங்க. 1974-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் திரும்பக் கிடைச்சது. 65 டாலர்ல மாறிப்போகிற வித்தியாசம் எவ்வளவு பெரிய வித்தியாசமா இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இப்போ பரீட்சைக்கு வருவோம். எம்.டி. மாணவர்களுக்கும், நம்ம ஊரு எம்.பி.பி.எஸ். முடிச்சு அங்கே போறவங்களுக்கும் யூ.எஸ்.எம்.எல்.இ. ஸ்டெப் 1, 2, 3. டி.ஓ.க்களுக்கு காம்லெக்ஸ் லெவல் 1, 2, 3. பட்டம் வாங்கவே காம்லெக்ஸ் முதல் ரெண்டு லெவலும் பாஸாகணும். லைசென்ஸுக்கு மூணும் போதும். யூ.எஸ்.எம்.எல்.இ. கட்டாயமே இல்லை. எழுதலாம்னு அனுமதி மட்டும் உண்டு.

அந்த "எழுதலாம்"தான் நடைமுறையில "எழுதித்தான் ஆகணும்"னு ஆகிப்போச்சு. 2020-க்குள் எம்.டி., டி.ஓ. ரெசிடென்சிகள் எல்லாம் ஏ.சி.ஜி.எம்.இ. என்ற ஒரே அங்கீகார அமைப்புக்குக் கீழே வந்தன. பயிற்சி ஒண்ணாச்சு, பரீட்சை ஒண்ணாகலை. கார்டியாலஜி, கேஸ்ட்ரோ மாதிரி போட்டி அதிகமான ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பங்கள் குவியும்போது, தேர்வு செய்றவங்க கம்ப்யூட்டர்ல ஒரு நம்பரை வச்சு வடிகட்டுறாங்க. காம்லெக்ஸ் மார்க் அளவுகோல் வேற, எழுதுற கூட்டம் வேற. ரெண்டையும் நேரா ஒப்பிட முடியாது. அதனால பல இடங்கள்ல காம்லெக்ஸ் மட்டும் வச்சிருக்கிறவரோட விண்ணப்பத்தை யாரும் திறந்துகூடப் பார்க்கிறதில்லை.

இதைத்தான் நான் அநியாயம்ங்கிறேன். லைசென்ஸ் கொடுக்கிற மாநில போர்டு "இந்தப் பரீட்சை போதும், நீ டாக்டர்"ங்குது. மூணு வருஷம் ரெசிடென்சியில் ராத்திரி பகலா நோயாளி பார்த்திருக்கார். அதுக்கப்புறமும் இருபத்தி நாலு வயசுல எழுதாம விட்ட ஒரு பரீட்சையைக் கேட்டா, அது தரம் பார்க்கிறதா? வேலையைக் குறைச்சுக்கிற வழி. ஒரு பரீட்சைக்கு 600 டாலருக்கு மேல ஃபீஸ், ஏற்கெனவே லட்சக்கணக்கான டாலர் கடன்ல இருக்கிற பிள்ளைக்கு. ஒரே பாடத்தை சில வாரங்கள் இடைவெளியில் ரெண்டு தடவை எட்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதணும்.

ஆனா நியாயம் வர்ற வரைக்கும் பாப்பா காத்திருக்க முடியாது. அதனால அண்ணனிடம் சொன்னது இது.

கார்டியாலஜி, கேஸ்ட்ரோ மேல ஆசைன்னா எழுதட்டும். நெஃப்ராலஜி, இன்ஃபெக்ஷியஸ் டிசீஸ்னா அவ்வளவு பதற வேண்டாம், அங்கே வருஷா வருஷம் இடங்கள் காலியாத்தான் கிடக்கு. ஸ்டெப் 1, 2022 ஜனவரியிலிருந்து வெறும் பாஸ் - ஃபெயில். அதே வருஷம் காம்லெக்ஸ் லெவல் 1-ம் அப்படி ஆச்சு. இப்போ நம்பரா மார்க் வர்றதும், எல்லாரும் பார்க்கிறதும் ஸ்டெப் 2 தான். ஸ்டெப் 1 எழுதாமலே ஸ்டெப் 2 எழுத முடியும். சில பிள்ளைங்க அப்படித்தான் செய்றாங்க. ஆனா ஸ்டெப் 3 எழுத முதல் ரெண்டும் வேணும், அதையும் யோசிச்சுக்கணும். ஃபெயில் ஆனா அது மார்க் பதிவில் நிரந்தரமா நிக்கும். அரைகுறையா தயாராகி "சும்மா எழுதிப் பார்க்கிறேன்"னு போறதுக்கு எழுதாம இருக்கலாம்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு. "ரெசிடென்சி முடிச்சுட்டு, தேவைப்பட்டா எழுதிக்கலாம்"னு தள்ளிப்போடுறாங்க. காம்லெக்ஸை வச்சு ஒரு மாநிலத்தில் லைசென்ஸ் வாங்கிட்டா, அதுக்கப்புறம் யூ.எஸ்.எம்.எல்.இ. எழுதத் தகுதி இல்லாமப் போகலாம்னு அவங்க விதியிலேயே இருக்கு. முடிவு எடுக்க வேண்டிய நேரம் மாணவராக இருக்கும்போதுதான்.

நீங்க ஏற்கெனவே காம்லெக்ஸ் மட்டும் எழுதி ரெசிடென்சியில் இருக்கிறவர்னா? திரும்பிப் போய் ஸ்டெப் 1-க்கு பயோகெமிஸ்ட்ரி படிக்காதீங்க, தயவுசெஞ்சு. அந்த நேரத்தை ரிசர்ச்சுக்கும், உங்களை நேர்ல பார்த்த கார்டியாலஜிஸ்ட்டோட சிபாரிசுக் கடிதத்துக்கும் செலவழிங்க. சொந்தமா ஃபெலோஷிப் வச்சிருக்கிற ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி கிடைச்சிருந்தா இன்னும் நல்லது. கூட வேலை பார்த்தவரை நம்பரை மட்டும் வச்சு ஒதுக்குறது அங்கே கஷ்டம்.

எல்லாம் கேட்டுட்டு அண்ணன், "அப்போ எழுதச் சொல்றியா, வேண்டாங்கறியா?"ன்னார். "பாப்பாகிட்ட போனைக் குடுங்க"ன்னேன். அவ கார்டியாலஜிதான்னு உறுதியா இருக்கா. ஸ்டெப் 2-வை எழுதறதுன்னு முடிவாயிருக்கு. ஸ்டெப் 1 பத்தி, அவ காலேஜ் மாதிரித் தேர்வு மார்க் வந்ததும் பேசலாம்னு சொல்லியிருக்கேன்.