ஏரி அரக்கனும் புனிதரின் சிலுவையும்



ஸ்காட்லாந்து நாட்டின் வடபகுதியில் லாக் நெஸ் என்றோர் ஏரி உண்டு. அது ஏறத்தாழ 37 கிலோமீட்டர் நீளமும், 230 மீட்டர் வரை ஆழமும் உடையது. சதுப்பு நிலங்களின் கரிய மண்ணைக் கரைத்துவரும் நீர் அதில் நிறைவதால், சிறிது ஆழத்திற்குக் கீழே ஒன்றும் புலப்படுவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் கற்பனை குடியேறுவது இயல்புதானே! நீண்ட கழுத்துடைய மாபெரும் விலங்கொன்று அங்கே வாழ்கிறது என்ற செய்தியை நம் பிள்ளைகளும் அறிவர். 'ஒரு புனிதரே அதைக் கண்டிருக்கிறார். ஆகவே அது மெய்' என்று வாதிடுவோரும் உளர். அவ்வாதத்தைச் சற்று ஆராய்வோம்.

அயர்லாந்தில் பிறந்து, 563-இல் அயோனா தீவிற்கு வந்து, அங்குத் துறவுமடம் நிறுவியவர் புனித கொலும்பா. அவர் 597-இல் இறந்தார். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின், அதே மடத்தின் தலைவரான அதம்நான் அவரது வரலாற்றை எழுதினார். நெஸ் ஆற்றில் நீந்திய ஒருவனை நீர்விலங்கு கடித்துக் கொன்றதாகவும், கரையில் மக்கள் அவனை அடக்கம் செய்துகொண்டிருந்தபோது கொலும்பா அங்கு வந்ததாகவும் அந்நூல் கூறுகிறது. அக்கரையிலிருந்த படகைக் கொணரத் தம் துணைவர் ஒருவரை அவர் அனுப்புகிறார். விலங்கு வாய் பிளந்து எழுகிறது. புனிதர் சிலுவை அடையாளம் வரைந்து ஆணையிட, அது அஞ்சி ஓடுகிறது. நிகழ்ச்சி நடந்தது ஏரியில் அன்று, ஆற்றில் என்பதைக் கவனிக்க வேண்டும். நீண்ட கழுத்தைப் பற்றியும் அங்கு ஒரு சொல் இல்லை.

இத்தகைய வரலாறு இது ஒன்று மட்டுமன்று. பிரான்சு நாட்டின் ரோன் ஆற்றங்கரையில், தாராஸ்க் என்னும் கொடிய விலங்கைப் புனித மார்த்தா சிலுவையாலும் தீர்த்தத்தாலும் அடக்கினார் என்பர். புனித ஜார்ஜியார் கொன்ற பறவைநாகமும், 13-ஆம் நூற்றாண்டின் 'பொற்புராணம்' கூறுகிறபடி, லிபியாவில் ஓர் ஏரியில் வாழ்ந்ததே. ஆழ்ந்த நீர், அதில் ஓர் அரக்கன், அஞ்சி நடுங்கும் ஊர், இறைவன் பெயரால் வரும் விடுதலை என்னும் ஒரே அமைப்பை இவை அனைத்திலும் காண்கிறோம்.

இவ்வமைப்பின் வேர் மிகப் பழையது. சிரியாவின் உகாரித் நகர இடிபாடுகளில் கிடைத்த களிமண் ஏடுகள், ஏழு தலையுடைய லோத்தான் என்னும் பாம்பைக் குறிப்பிடுகின்றன. நம் விவிலியத்தில் அதுவே லெவியத்தான் என வருகிறது. திருவெளிப்பாட்டின் 12-ஆம் அதிகாரத்து அரக்கப் பாம்பும் அவ்வழியில் வந்ததே. திருநூலில் ஊறிய அதம்நான், தம் தந்தையாகிய புனிதரின் ஆற்றலை அம்மொழியிலேயே கூறினார். அவர் விலங்கியல் எழுத அமரவில்லை.

இக்கால அரக்கனோ செய்தித்தாளில் பிறந்தவன். 1933 மே மாதம் இன்வெர்னஸ் நகரத்து ஏடொன்றில் செய்தி வந்தது. அவ்வாண்டின் இறுதியில் கரையில் காணப்பட்ட காலடித் தடங்கள், உலர்ந்த நீர்யானைக் காலால் பதித்தவை என்று தெரிந்தது. 1934 ஏப்ரலில் வெளியாகி உலகை மயக்கிய புகைப்படம், விளையாட்டு நீர்மூழ்கிக் கப்பலின்மேல் பொம்மைத் தலையைப் பொருத்தி எடுக்கப்பட்டது என்ற உண்மை 1994-இல் வெளியாயிற்று. அதாவது, 60 ஆண்டுகள் ஒரு பொம்மை ஆட்சி செய்தது! 2018-இல் அறிஞர்கள் ஏரி நீரை எடுத்து, அதில் கலந்துள்ள உயிர்களின் மரபணுக் கூறுகளை ஆராய்ந்தனர். ஊர்வன இனத்தின் சுவடு எதுவும் கிடைக்கவில்லை. விலாங்கு மீனின் சுவடே மிகுதியாகக் கிடைத்தது என 2019-இல் அறிவித்தனர்.

பெற்றோரே, இதில் நமக்கென்ன என்று எண்ண வேண்டா. புனிதரின் பெருமையை அப்புகைப்படத்தோடு முடிச்சுப் போட்டுப் பிள்ளைக்குக் கற்பித்தோமானால், படம் பொய் என்று அறியும் நாளில் அவன் புனிதரையும் சேர்த்தே எறிந்துவிடுவான். விசுவாசத்தைத் தாங்குவதற்காகப் பொய்யைத் தூணாக நடுகிறவன், தன் வீட்டைத் தானே இடிக்கிறான். 'அப்பா, இது நடந்ததா?' என்று மகன் கேட்டால், கதையைக் கதை என்றும், வரலாற்றை வரலாறு என்றும் தயங்காமல் சொல்லுங்கள். அதன்பின், அக்கதை எதற்காகச் சொல்லப்பட்டது என்பதையும் சொல்லுங்கள்.

104-ஆம் திருப்பாடலை இவ்வாரம் குடும்பமாக வாசியுங்கள். பிற இடங்களில் அச்சமூட்டும் லெவியத்தான், அங்கே கடவுள் படைத்துக் கடலில் விளையாடவிட்ட ஓர் உயிராக மட்டும் நிற்கிறது. ஆழத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய செய்தி அதுவே. அதற்குப் புகைப்படம் தேவையில்லை.