வயிற்றுப்புண் கவலையால் வருவதா?

எமது பகுதியில் நெஞ்செரிவு, வயிற்றுநோ என்று சொல்லாத வீடு அரிது. காரணம் கேட்டால், "எல்லாம் யோசனைதான் சுவாமி" என்பார்கள். 1990 இலும், பின்னர் 2006, 2007 ஆம் ஆண்டுகளிலும் வயலையும் மாடு கன்றையும் கைவிட்டு, படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வந்த மக்கள் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் இந்த எண்ணம் எம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது. கவலை தீரப்போவதில்லை, ஆகவே புண்ணும் ஆறப்போவதில்லை, எரியும்போது ஒரு குளிசை போட்டால் சரி என்று இருந்துவிடுகிறோம்.

கவலையும் உறைப்பும் எரிவைக் கூட்டலாம். ஆயினும் பெரும்பாலான வயிற்றுப்புண்களுக்கு மூலகாரணங்கள் இரண்டு.

முதலாவது, ஹெலிக்கோபக்டர் பைலோரி என்னும் கிருமி. 1982 இல் அவுஸ்திரேலிய வைத்தியர்களான பரி மார்ஷல், றொபின் வொரன் ஆகியோர் இதைக் கண்டறிந்தபோது பலர் நம்பவில்லை. 1984 இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நெருக்கமாக வாழும் இடங்களிலும், சுத்தமான நீர் குறைந்த இடங்களிலும் இக்கிருமி எளிதில் பரவும். முகாம் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, நோவுக் குளிசைகள். வயலில் வேலை செய்து நாரி நோவோடு வருபவர், துண்டில்லாமலே கடையில் டைக்குளோபெனாக் அல்லது இபுபுரூபன் வாங்கிப் போடுகிறார். நாள்தோறும் போட, வயிறு எரிகிறது. அதற்கு ஒமிப்பிரசோல் வாங்குகிறார். ஒரு கையால் புண்ணை உண்டாக்கி, மறு கையால் மருந்து போடுகிறோம். சாப்பிட்ட பின் போட்டாலும் இந்த ஆபத்து முற்றாக நீங்காது.

ஒமிப்பிரசோல் நல்ல மருந்துதான். ஆனால் முறையோடு எடுக்க வேண்டும். உணவுக்கு அரை மணித்தியாலம் முன்னர் முழுதாக விழுங்குங்கள். மெல்லவோ நசுக்கவோ கூடாது. பொதுவாக இதை நான்கு முதல் எட்டு வாரங்களுக்குத் தருவார்கள். வைத்தியரைக் காணாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் உடலில் விற்றமின் பி12, மக்னீசியம் ஆகியன குறையலாம். கிருமிக்கு அன்ரிபயோற்றிக் தந்தால், நோ நின்றாலும் கடைசிக் குளிசைவரை எடுத்து முடியுங்கள். இருதயத்துக்குத் தந்த அஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். வயிறு எரிகிறது என்று வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மலம் தார்போலக் கறுத்தால், இரத்த வாந்தி வந்தால், விழுங்க முடியாமற் போனால், காரணமின்றி உடல் மெலிந்தால், குளிசையை நம்பி வீட்டில் இருக்கலாகாது. வியர்வையோடு நெஞ்சை அழுத்தும் நோ கைக்கோ தாடைக்கோ பரவினால், அது 'காஸ்' என்று எண்ணவே வேண்டாம். இருதய நோயாக இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இன்னொரு இடையூறும் உண்டு. கிளினிக் கொப்பி தொலைந்தால், என்ன மருந்து எடுத்தோம் என்பதே தெரியாது. "வெள்ளைக் குளிசை" என்று சொன்னால் எந்த வைத்தியருக்கும் விளங்காது. 1970 களில் பேராசிரியர் சேனக பிபிலே, மருந்துகளைக் கம்பனி வைத்த பெயரால் அல்லாமல் அவற்றின் மூலப்பெயரால் வழங்க வேண்டும் என்று வாதாடினார். அந்தப் பெயரை அறியும் உரிமை வைத்தியருக்கு மட்டும் உரியதன்று. குளிசையை விழுங்குபவருக்கும் உரியது.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதற்காக வாய்மூடி நிற்க வேண்டியதில்லை. இந்தக் குளிசையின் பெயர் என்ன? எதற்காக? எத்தனை நாளைக்கு? இம்மூன்றையும் விளங்கும் மொழியில் சொல்லும்படி கேட்பது மரியாதைக் குறைவன்று. கேட்டு, கொப்பியில் எழுதி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். எழுத இயலாதவர்கள் பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள்.

எமது கவலைகள் பல. அவை ஒரே நாளில் தீரா. வயிற்றுப்புண் அப்படியானதல்ல. காரணம் கண்டு மருந்து எடுத்தால் அது ஆறும்.