பழைய காயலில் இறங்கிப் பார்ப்போம்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் நெடுஞ்சாலையில், தாமிரபரணிக்கு வடகரையில் அமைந்த சிற்றூர் பழைய காயல். அது நகராட்சியுமன்று, பேரூராட்சியுமன்று, ஓர் ஊராட்சி. 2009ஆம் ஆண்டில் அணுசக்தித் துறையின் சிர்க்கோனியம் ஆலை அங்குத் தொடங்கப்பெற்றபோது அவ்வூர்ப் பெயரைச் செய்தித்தாளில் முதன்முறையாகப் படித்தோரும் உண்டு. நம் நிலையும் மெச்சத்தக்கதன்று. மாணவப் பருவத்தில் கொற்கை முத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் பெற்றோம், இவ்வூரைப் பேருந்தில் எத்தனையோ முறை கடந்தோம், ஒருமுறையேனும் இறங்கினோமில்லை.

கொற்கைத் துறையைத் தூர்த்தது பகைவர் படையன்று. தாமிரபரணி கொணர்ந்த வண்டலே. கடல் பின்வாங்கவே, கொற்கை உள்நாட்டுச் சிற்றூராயிற்று. கடலை நாடிச் சென்ற வாணிகம் காயலில் நிலைகொண்டது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஏடன், ஓர்முசு முதலிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் இங்கு அணைந்ததைக் குறித்துள்ளார். ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் குதிரைகள் பாண்டிய நாட்டுக்கு வந்தன என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொற்காசு என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். பாண்டியனுக்கு அமைச்சராயிருந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மானின் பெயரும் அந்நூலில் இடம்பெறுகிறது. பின்னர்க் காயலையும் ஆறு தூர்த்தது. புன்னைக்காயலும், அதன்பின் தூத்துக்குடியும் மேலோங்கின.

19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் ஐயர் இவ்விடத்தை நடந்து பார்த்தார். நிலத்தின் மேற்பரப்பிலும் சிறிது தோண்டிய இடங்களிலும் சீனப் பீங்கான் துண்டுகள் பரவிக் கிடந்தன. அரபு, பாரசீக நாடுகளோடு நடந்த வாணிகத்தை அவ்வூர் மக்கள் அன்றும் நினைவில் வைத்திருந்தனர். சீனத்தோடு நடந்ததை மட்டும் அறவே மறந்திருந்தனர். இதைப் படிக்குந்தோறும் நாம் வியப்படைகிறோம். வாய்மொழி கைவிட்ட ஒரு செய்தியை உடைந்த ஓடு காத்து வைத்திருந்தது!

மார்க்கோ போலோ கண்ட காயல் பழைய காயலே என்பது கால்டுவெல்லின் முடிபு. காயல்பட்டினமே அது எனக் கொள்ளும் பெரியோர் நம்மிடையே உளர். அவர்தம் ஊர்ப்பற்றை நாம் மதிக்கிறோம். எனினும் கால்டுவெல் கூற்றே பொருத்தமுடையதெனக் கருதுகிறோம். ஓடுகள் கிடந்த இடம் அதுவன்றோ! காயல்பட்டினத்திற்கோ தொன்மையான பள்ளிவாசல்களும் மீசான் கல்வெட்டுகளும் உள. பிறிதோர் ஊரின் பெருமையைக் கடன் வாங்க வேண்டிய தேவை அதற்கில்லை. மேலும், எந்த ஊர் என்னும் வழக்கிலேயே நம் ஆற்றல் செலவாகிவிட, வழக்குக்குரிய ஊரைப் பார்க்க எவரும் செல்வதில்லை என்பதே நம் மனக்குறை.

கொற்கையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இலும், மீண்டும் 2021இலும் அகழாய்வு நடத்தியது, மகிழ்ச்சி. ஆயின் சிற்றூரில் வீட்டுக்கு வானம் தோண்டும்போதும் கிணறு வெட்டும்போதும் வெளிப்படுவதை அறிஞர் வந்து காணும்வரை யார் காப்பது? வெறும் ஓட்டாஞ்சில்லு என்று கொத்தனார் ஒதுக்கிவிட்டால் அவர்மேல் குறையில்லை. அதன் அருமையை அவருக்கு எடுத்துச் சொல்லாதவர் நாமே. ஊராட்சிப் பதிவேட்டில் வரிக்கும் குழாய்க்கும் பக்கமுண்டு. ஊர் வரலாற்றுக்கு ஏது?

தமிழ்த்துறைக்கு ஒரு வேண்டுகோள். முதுகலை மாணவர் செய்யும் ஆய்வேடுகளுள் ஆண்டுக்கு ஒன்றேனும் இக்கரையின் ஒரு சிற்றூரைப் பற்றியதாக அமையட்டும். முதியோரிடம் தெருப்பெயர், கிணற்றுப்பெயர், அழிந்த துறையின் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதுக. லெப்பைமார் வீட்டிலும், பரதவர் குடியிலும், உப்பளத் தொழிலாளரிடத்தும் ஒன்றுபோலக் கேட்க வேண்டும். ஒரு சாராரிடம் மட்டும் கேட்டெழுதுவது ஊர் வரலாறு ஆகாது. கிடைத்த ஓட்டைக் கல்லூரிக்கு எடுத்து வர வேண்டா. கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவித்தல் போதும்.

முதல் ஊராகப் பழைய காயலையே கொள்ளலாம். நாமும் உடன் வருகிறோம். இம்முறையேனும் பேருந்திலிருந்து இறங்க வேண்டும்.