பத்துப் பேரும் சாக வேண்டும்!

ஒரு தீவு. அங்குள்ள மாளிகையில் பத்துப் பேர். எல்லோர் மீதும் கொலைப்பழி உண்டு. ஆனால், சட்டத்தின் பிடியில் சிக்காதவர்கள். ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். கடைசியில் ஒருவர்கூட மிஞ்சவில்லை!

இது, இங்கிலாந்து எழுத்தாளர் அகதா கிறிஸ்டி 1939-ம் ஆண்டு எழுதிய துப்பறியும் நாவல். (கொலைகாரர் யார்? சொன்னால், படிக்கப் போகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள்!)

1945-ல் ரெனே கிளேர் இதை ஹாலிவுட்டில் படமாக்கினார். படத்தில் ஒரு ஆணும் பெண்ணும் பிழைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் குற்றமே செய்யாதவர்களாம்! 1965, 1974-ம் ஆண்டுப் படங்களிலும் இதே முடிவுதான். தீவு மட்டும் பனிமலையாகவும் பாலைவனமாகவும் மாறிற்று.

முடிவை முதலில் மாற்றியவர் கிறிஸ்டியேதான். 1943-ல், நாடகத்துக்காக. மேடையில் எல்லோரும் செத்துவிட்டால், நடந்ததைச் சொல்ல ஆள் வேண்டாமா? சினிமாவுக்கு அந்தக் கஷ்டம் ஏது? கேமரா இருக்கிறதே!

நாவலில் வேரா என்ற பெண், தன் பொறுப்பில் இருந்த சிறுவனைக் கடலில் மூழ்கவிட்டவள். அவளை நல்லவளாக்கி, காதலனோடு அனுப்பிவைத்தால், அந்தப் பிள்ளையின் சாவுக்கு யார் பதில் சொல்வது?

1987-ல் சோவியத் யூனியனில் கோவருகின் எடுத்த படம், நாவலின் முடிவை மாற்றவில்லை. அதில் வேராவும் தப்பவில்லை.