மருந்து என்று ஒரு பெயர்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 110 கி.மீ. போனால் நாயுடுபேட்டை. ஸ்வர்ணமுகி ஆற்றை ஒட்டிய ஊர். 2022 வரை நெல்லூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். காளஹஸ்தி வழியாகத் திருப்பதிக்குப் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. சுற்றிலும் நெல் விளையும் பூமி. இப்படிப்பட்ட ஊர்களின் கடைத்தெருவில் உரக்கடை இல்லாமல் இருக்காது. அங்கே வந்து நிற்கும் விவசாயி 'பூச்சிக்கொல்லி' என்று கேட்பதில்லை. தெலுங்கில் 'புருகுல மந்து' என்பார். எல்லைக்கு இந்தப் பக்கம் 'பூச்சி மருந்து'. நோயைத் தீர்ப்பதற்கும் உயிரைப் போக்குவதற்கும் இரு மொழிகளிலும் ஒரே சொல்தான்.

நகரத்து வீடுகளில் புழங்குவது வேறொரு சொல்: 'கெமிக்கல்'. காய்கறியில் கெமிக்கல், பழத்தில் கெமிக்கல், ஷாம்பூவில் கெமிக்கல் என்று நாள் முழுதும் கவலை. உப்பும் தண்ணீரும்கூட ரசாயனம்தான் என்பது பள்ளிப் பாடத்தோடு மறந்து போகிறது. ஆக, பயப்பட வேண்டிய பொருளுக்குச் சாந்தமான பெயர். எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டும் சொல்லுக்கோ பெரும் பயம். இந்தக் குழப்பத்தில் உண்மையான ஆபத்து கண்ணில் படாமல் நழுவிவிடுகிறது.

மாம்பழத்தையே எடுத்துக்கொள்ளலாம். சித்தூர் வட்டாரம் மாம்பழத்துக்குப் பேர்போனது. கோடை வந்தால் 'கல் வைத்துப் பழுக்க வைத்ததா?' என்ற கேள்வி எல்லா மண்டிகளிலும் கேட்கும். கேள்வி நியாயமானது. கால்சியம் கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும், காய் நிறம் மாறும். அந்தக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும் என்பதால் அதற்குத் தடை உண்டு. ஆனால் எத்திலீன் வாயு வேறு சங்கதி. பழம் தானே பழுக்கும்போதும் வெளியிடுவது அதுதான். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவு வரை அதைப் பயன்படுத்தலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் அனுமதித்தது. இரண்டும் 'கெமிக்கல்'தான். ஒன்று குற்றம், மற்றது பழத்தின் இயல்பு. என்ன பொருள், எவ்வளவு, எந்த வழியில் உடலுக்குள் போகிறது என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் வெறுமனே பயந்து பயனில்லை.

மூன்றாவது கேள்வி எவ்வளவு சிக்கலானது என்பதை ஆந்திரமே பார்த்திருக்கிறது. 2020 டிசம்பர் 5 முதல் ஏலூரு நகரில் பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பலர் வலிப்பு கண்டு மயங்கி விழுந்தார்கள். சில நாட்களில் 600 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். ஒருவர் இறந்தார். பெரும்பாலோர் விரைவிலேயே தேறி வீடு திரும்பினார்கள். கொரோனா பீதி நிலவிய நேரம், ஆனால் இது தொற்று நோய் அல்ல. டெல்லி எய்ம்ஸ் பரிசோதனையில் ரத்தத்தில் காரீயமும் நிக்கலும் தென்பட்டன. பிறகு எய்ம்ஸும் நாக்பூரின் 'நீரி' நிறுவனமும் பூச்சிக்கொல்லி எச்சமே முக்கியக் காரணமாக இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தன. அது தண்ணீரில் வந்ததா, காய்கறியில் வந்ததா என்பதற்கு அப்போது திட்டமான விடை கிடைக்கவில்லை. நாட்டின் பெரிய ஆய்வகங்களே தடுமாறிய இடத்தில், கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் இல்லத்தரசி என்ன செய்வார்?

சட்டம் இல்லாமலில்லை. அது பிறந்த கதையே ஒரு சமையலறைச் சோகம்தான். 1958-ல் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கப்பலில் கோதுமை மாவு மூட்டைகளோடு சேர்ந்து வந்து, மாவில் கலந்து, கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. விசாரணை நடந்தது. பத்தாண்டு கழித்து, 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. டப்பாவின் மீது வைர வடிவில் ஒரு கட்டம் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. கட்டத்தின் கீழ்ப்பாதி சிவப்பானால் கடும் நஞ்சு. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. சிவப்பில் மண்டையோட்டுப் படமும் உண்டு. பச்சை என்றால் நஞ்சே இல்லை என்று அர்த்தமல்ல, நான்கில் அது குறைந்தது, அவ்வளவே. முறிவு மருந்து எது, காலி டப்பாவை என்ன செய்வது என்ற விவரங்கள் அடங்கிய துண்டுத்தாள் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பதும் விதிதான். பொடி எழுத்தில் அச்சான அந்தத் தாளை எத்தனை பேர் பிரித்துப் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

காலி டப்பா சின்ன விஷயமல்ல. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் இருந்தது மோனோகுரோட்டபாஸ். பூச்சிக்கொல்லி இருந்த டப்பாவில் எண்ணெய் வைக்கப்பட்டிருந்ததே காரணம் என்றது விசாரணை. காய்கறிப் பயிர்களுக்கு அந்தப் பூச்சிக்கொல்லியைத் தெளிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை போட்டாகிவிட்டது. அதன் 36 சதவீதக் கரைசலுக்கே தடை என்ற உத்தரவு வர 2023 ஆயிற்று. இந்த நாட்டில் பூச்சிக்கொல்லித் தடைகள் நத்தை வேகத்தில்தான் நகர்கின்றன. 1984-ல் போபாலில் விஷவாயுவைக் கக்கிய ஆலையின் சரக்கு கார்பரில். அது இந்தியாவில் தடை செய்யப்பட்டது 2018-ல், 34 ஆண்டுகள் கழித்து.

பெயரில் ஏமாறும் வழக்கம் வீட்டு வாசல்வரை வந்திருக்கிறது. கொங்கு நாட்டில் வாசல் தெளிக்க விற்கப்பட்ட 'சாணிப் பவுட'ரில் சாணி கிடையாது. ஆரமின், மாலகைட் கிரீன் போன்ற சாயங்களே அதில் இருந்தவை. வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. உயிர்ப்பலிகள் தொடர்ந்ததால் அதைத் தடை செய்யப்போவதாக 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. கொசுவத்திச் சுருளுக்கு மலர்களின் பெயரும் மணமும் உண்டு. ஆனால் ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஜன்னல் சாத்திய அறையில் குழந்தை தூங்கும்போது இந்தக் கணக்கு நினைவில் இருப்பது நல்லது. குளியலறையைப் பளிச்சிட வைக்க பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையும் கலந்து ஊற்றுகிறவர்கள், முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட குளோரின் வாயுவை வீட்டிலேயே தயாரிக்கிறார்கள்.

எச்சரிக்கையும் நடவடிக்கையும் சேர்ந்தால் பலன் உண்டு என்பதற்கு மஞ்சள் தூள் சாட்சி. பளபளப்புக்காக மஞ்சளில் காரீய குரோமேட் பூசும் வழக்கம் வங்கதேசத்தில் இருந்தது. 2019-ல் ஆய்வு முடிவுகள் வெளியாயின. அரசு சோதனை நடத்தி அபராதம் போட்டது. சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த காரீயம் 2021-ல் பூஜ்யமானது. பணக்கார நாடு அல்ல, புதுத் தொழில்நுட்பமும் அல்ல. கலப்படம் எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொண்டு அங்கேயே கைவைத்தார்கள்.

அப்படியானால் எல்லா ரசாயனத்தையும் ஒரே இரவில் ஒழித்துவிடலாமா? 2021-ல் இலங்கை முயன்று பார்த்தது. ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதிக்கு ஏப்ரல் - மே மாதங்களில் வந்த தடை நவம்பரிலேயே பின்வாங்கப்பட்டது. அதற்குள் நெல் விளைச்சல் சரிந்து, தேயிலையும் அடிவாங்கியது. ஆந்திரம் வேறு வழியில் போகிறது. 2016 முதல் அரசின் ரைது சாதிகார சம்ஸ்தா, மகளிர் சுய உதவிக் குழுக்களைக் கொண்டு இயற்கை விவசாயத்தைக் கிராமம் கிராமமாகப் பரப்புகிறது. சாணம், கோமியம், வெல்லம் சேர்ந்த ஜீவாமிர்தம், வேப்பிலைக் கரைசல், கலப்புப் பயிர் என்று வீட்டுக்குப் பக்கத்தில் கிடைப்பவையே இடுபொருள். 2024-ல் போர்ச்சுகலின் குல்பென்கியன் பரிசு இந்தத் திட்டத்துக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 60 லட்சம் விவசாயிகளையும் 2024-க்குள் சேர்ப்போம் என்று 2018-ல் அறிவித்த இலக்கு மட்டும் வெகு தூரத்தில் நின்றுவிட்டது. மாற்றம் மெதுவாகத்தான் வரும் என்பதே இதன் பாடம்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை உண்டு. காய்கறியை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவது, தோலைச் சீவுவது. மேலே ஒட்டியிருப்பதில் ஒரு பகுதி போகும். செடிக்குள்ளேயே ஊடுருவியது போகாது. சோப்புத் தூள் கூடவே கூடாது. மாடித் தோட்ட ரோஜாவுக்கு மருந்தடிக்கும் முன் டப்பாவின் நிறத்தைப் பார்ப்பது, காலியானதும் அதைக் குத்திக் கிழித்து எறிவது.

ஆனால் தட்டில் விழும் எச்சம் கடைசித் துளி. முதல் துளி விழுவது தெளிப்பவர் மேல். முதுகில் டாங்கி, காலில் செருப்பில்லை, முகத்தில் கட்டிய துண்டே கவசம். அவர் மூச்சில் போவதோடு ஒப்பிட்டால் நகரத்துச் சாம்பாரில் மிஞ்சுவது அற்பம். சாப்பிடுகிறவருக்குக் காய் பளபளப்பாக, புழுவில்லாமல், மலிவாக வேண்டும். அந்த மூன்று ஆசைக்கும் சேர்த்து அவர் உடம்பு விலை கொடுக்கிறது. 'பூச்சி மருந்து' என்ற பெயரை மாற்ற எந்த அரசாணையும் தேவையில்லை. விற்பவர், வாங்குபவர், செய்தி எழுதுபவர் எல்லோரும் அதை நஞ்சு என்று சொல்லத் தொடங்கினால் போதும். நஞ்சு என்று கேட்டு வாங்கியவர் அதைச் சமையலறை அலமாரியில் வைக்கக் கொஞ்சமாவது யோசிப்பார்.